மாட்டேறு

கணினியைப் பொறுத்தவரை 'விகடகவி' என்பது மாலைமாற்று அன்று. பள்ளிப் பிள்ளைகள்கூடத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிக்கும் அந்தச் சொல்லைப் பெரும்பாலான நிரல்மொழிகளிடம் கொடுத்துத் திருப்பித் தரச் சொன்னால், தலைமாட்டில் ஓர் ஒற்றைக் கொக்கி அநாதையாகத் தொங்க, 'வகடகிவ' என்பதுபோல் ஒன்றை நீட்டுகின்றன. காரணம் எளியது. யூனிகோடு குறியேற்றத்தில் 'வி' ஓர் எழுத்தாக இல்லை. வகரம் ஒரு குறி, அதன்மேல் ஏறும் இகரக் கொக்கி இன்னொரு குறி. நம் கண்ணுக்கு ஐந்தெழுத்தாக இருப்பது அங்கே ஏழு குறிகளாகக் கிடக்கிறது. கடைசிக் குறியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் கொக்கி முதலில் வந்து நிற்க இடமின்றித் தவிக்கும். இன்னொரு கொக்கி தன் வகரத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் ககரத்தின்மேல் ஏறிக்கொள்ளும். சம்பந்தர் மூன்றாம் திருமுறையில் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடியிருக்கிறார். அவ்வளவு உழைப்பையும் இந்த எந்திரம் ஒரு கணத்தில் 'இல்லை' என்று தள்ளிவிடும்.

இதைச் சரிசெய்ய ஆறேழு வரிகள் போதும். சொல்லை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். எதிர்ப்படும் குறி உயிர்மெய்க்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் அதை முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் புதிய எழுத்து தொடங்குகிறது என்று கொள்ள வேண்டும். இந்த ஆறேழு வரிகளை ஓரிடத்தில் எழுதி, 'எழுத்துகளாகப் பிரி' என்று பெயரிட்டு வைத்துவிட்டால், அதன்பிறகு அந்த வரிகளைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. 'எழுத்துகளாகப் பிரி'யைக் கொண்டு 'திருப்பு' எழுதலாம். 'திருப்பு'வைக் கொண்டு 'மாலைமாற்றா?' என்ற கேள்வியை ஒரே வரியில் கேட்கலாம். அந்த ஒரு வரியைப் படிப்பவருக்கு, நிரல் தெரியாதவராக இருந்தாலும், என்ன நடக்கிறது என்று புரியும்.

எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட துண்டுகளை ஃபங்ஷன் என்போம். தமிழில் எழுதுபவர்கள் செயற்கூறு என்கிறார்கள். அவற்றைத் தொகுத்து வைத்த இடம் லைப்ரரி, அல்லது நிரலகம். பெரிய மென்பொருள்களைப் பற்றியும் அவற்றைச் செய்து கோடீசுவரர் ஆனவர்களைப் பற்றியும் வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. இந்தச் சின்னஞ்சிறு துணைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நான் சோறு தின்பது இவற்றால்தான் என்பதால் கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டப்பட்டது. அது ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே வில்க்ஸுக்கு ஒரு கசப்பான ஞானம் பிறந்ததாகப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்: தம்முடைய எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தாம் எழுதிய நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என்பது. எந்திரம் பிழை செய்யும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். மனிதன் இவ்வளவு பிழை செய்வான் என்று எதிர்பார்த்திருக்கவில்லை.

அந்தக் குழுவில் டேவிட் வீலர் என்ற இளம் ஆய்வு மாணவர் இருந்தார். ஒருமுறை சரியாக எழுதிச் சோதித்துத் தேறிய துண்டை எல்லோரும் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழிசெய்தவர் அவர். இன்று இது பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் அந்தக் கணினியில் 'அங்கே போய் வேலையை முடித்துவிட்டு இங்கே திரும்பி வா' என்று சொல்வதற்கான கட்டளையே கிடையாது. வீலர் கண்ட உபாயம் அழகானது. அழைக்கப்படும் துண்டு, உள்ளே நுழையும்போதே, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தன் கடைசி வரியில் தானே எழுதிக்கொள்ளும். வந்த வழியை வாசலிலேயே குறித்துக்கொள்ளும் விருந்தாளிபோல. துண்டுகள் துளையிட்ட காகித நாடாக்களாகப் பேழையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வேண்டியதை எடுத்துத் தன் நிரலின் நாடாவில் எந்திரத்தால் படியெடுத்துக்கொள்வார்கள். 1951இல் அப்படிப்பட்ட துண்டுகள் 87 இருந்தன. அந்த ஆண்டு வில்க்ஸும் வீலரும் ஸ்டான்லி கில்லும் சேர்ந்து வெளியிட்ட நூல்தான் நிரலெழுதும் கலைக்கு வந்த முதல் பாடநூல். லைப்ரரி என்ற சொல் எங்கள் தொழிலில் உருவகமாகப் புகுந்ததன்று. உண்மையாகவே பேழை இருந்தது, அதில் நாடாக்கள் இருந்தன.

அதே காலத்தில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பரும் அவருடன் இருந்தவர்களும் தேறிய துண்டுகளைக் குறிப்பேடுகளில் வைத்துக்கொண்டு, ஒருவர் ஏட்டிலிருந்து இன்னொருவர் கையால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்த்தெழுதும்போது பிழைகள் புகுந்தன. மனிதர்கள் நல்ல படியெடுப்பாளர்கள் அல்லர் என்பது ஹாப்பர் கண்ட முடிவு. ஏட்டுச்சுவடிப் பதிப்பின் வரலாறு தெரிந்த தமிழ் வாசகருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் படியெடுக்கும் வேலையை எந்திரத்திடமே விட்டுவிடலாம் என்றுதான் அவர் 1952இல் ஏ-0 என்ற அமைப்பை உருவாக்கினார்.

ஆனால் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாமல் சுட்டிக்காட்டிவிட்டு நகர்வது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பா? தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் புள்ளி மயங்கியலைப் புரட்டிப் பாருங்கள். லகர ஈற்றுச் சொற்கள் எப்படிப் புணரும் என்று சொல்ல வருமிடத்தில் ஆசிரியர் விதியை மறுபடி விரிக்கவில்லை. முன்னால் னகர ஈற்றுக்குச் சொன்ன இயல்புதான் இதற்கும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ளகர ஈற்றுக்கு வரும்போது, ணகரத்துக்குச் சொன்னதைப் பார்த்துக்கொள் என்கிறார். உரையாசிரியர்கள் இதை மாட்டேறு என்பார்கள். ஒன்றற்குச் சொன்ன இலக்கணத்தை இன்னொன்றின்மேல் மாட்டி விடுவது. நிரலெழுதும் ஒருவன் இதைப் படித்தால் துள்ளிக் குதிக்காமல் இருக்க முடியாது. பெயரிட்ட விதி, பெயரைச் சொல்லி அழைத்தல், அழைத்த இடத்துக்குத் திரும்புதல் எல்லாம் அங்கே இருக்கின்றன.

சுருக்கத்துக்காகத்தானே இப்படிச் செய்தார், மனப்பாடம் செய்ய எளிதாக இருக்க வேண்டுமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது மட்டுமன்று என்று நினைக்கிறேன். விதியை இரண்டாம் முறை முழுதாக எழுதியிருந்தால், இரண்டுக்கும் நடுவே எங்கேனும் நுண்ணிய வேறுபாடு உண்டா என்று மாணவன் சொல்சொல்லாக ஒப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான். 'அதைப் போன்றதே' என்னும்போது வேறுபாடு இல்லை என்ற செய்தியும் கூடவே வந்துவிடுகிறது. இது சுருக்கத்தைவிடப் பெரிய ஆதாயம். எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்கவில்லை. மாட்டேறு மிகுந்த இடத்தில் உரையாசிரியர் இல்லாமல் நம்மால் நகர முடிவதில்லை. இளம்பூரணர் எடுத்துக்காட்டுகளை வரிசையாகக் காட்டிய பிறகுதான் மூச்சு வருகிறது.

இனி நான் கண்ட ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு, உறுப்பினர் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மென்பொருளைச் சீர்செய்யும் பணி என்னிடம் வந்தது. அதை எழுதியவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். பயன்படுத்தியது ஒரு சிற்றூரின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். புகார் விசித்திரமாக இருந்தது: சில உறுப்பினர்கள் 'காணாமற் போகிறார்கள்'. ஒவ்வொருவருக்கும் கூலியில் பிடித்த சேமிப்பைத் திருப்பித் தரவேண்டிய நேரம். நேரில் போனேன்.

நான் போன அன்றும் ஓர் அம்மையார் வந்திருந்தார். கௌரி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மைப் பெயரும் ஔகாரத்தில்தான் தொடங்குகிறது. மூன்றாம் முறையாகப் பேருந்து பிடித்து வந்திருந்தார். எழுத்தர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல உங்க பேரே இல்லையேம்மா" என்றார். அவர் பாஸ்புத்தகத்தை விரித்து, "இதோ இங்க இருக்கே சார், இதே ஆபீசுல அச்சடிச்சுக் குடுத்ததுதானே" என்றார். இரண்டும் உண்மை. பாஸ்புத்தகத்தில் பெயர் இருந்தது. தேடினால் கிடைக்கவில்லை. எழுத்தர் நல்ல மனிதர்தான். ஆனால் எந்திரம் இல்லை என்று சொல்லும்போது அவரால் என்ன செய்ய முடியும்? அந்த அம்மையார் யாரோடும் சண்டை போடவில்லை. தன் பெயரைத் தானே தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரியத் தொடங்கியிருந்தது. அதுதான் என்னால் பார்க்க முடியாததாக இருந்தது.

நடந்தது இதுதான். பட்டியலை உள்ளிட்டவர்கள் இருவர். ஒருவர் ஔகாரக் குறியை ஒரே விசையில் அடித்தவர். மற்றவர் பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடித்துப் பழகியவர். ஒற்றைக் கொம்பு, ககரம், பிறகு ளகரம். திரையிலும் தாளிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். உள்ளே ஒன்று 'கௌரி', மற்றது 'கெளரி'. எந்திரத்துக்கு இவை வேறு வேறு ஆட்கள். சௌந்தரம், மௌனசாமி, தௌலத் எல்லோருக்கும் இதே கதி. ஔவையாரே வந்து நின்றாலும் ஒகரமும் ளகரமுமாக எழுதியிருந்தால் சேமிப்பு கிடைத்திராது.

முன்பு இருந்தவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. நிரலைத் திறந்தபோது ஏழிடங்களில் இதற்கான மருந்து இருந்தது. பிரச்சினையே அதுதான். தேடல் திரையில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்து ரசீதுத் திரைக்கு இன்னொருவர் படியெடுத்திருக்கிறார். ஆண்டறிக்கைக்கு மூன்றாமவர். ஏழிலும் பாடபேதம். ஒன்று ககரத்தை மட்டும் கவனித்தது. சகர மகரங்களைக் கைவிட்டது. ஒன்றில் நிபந்தனை தலைகீழாக இருந்தது. ஒன்று யோசனையே இல்லாமல், ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் ளகரம் வந்தால் போதும், ஔகாரக் குறியாக மாற்றிவிடு என்றது. அதன் விளைவாக ஊரிலிருந்த வெள்ளையம்மாள்கள், வெள்ளைச்சாமிகள் அனைவரும் ஆண்டறிக்கையில் படிக்க முடியாத ஏதோவாக அச்சேறினார்கள். உ.வே.சா. சிந்தாமணிக்குப் பிரதிகளை ஒப்பிட்டதுபோல ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது மூலம், எது படியெடுத்தவன் கைவரிசை என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மூலபாடமே குறையுடையது என்பது கடைசியில் தெரிந்தது.

ஏழையும் எடுத்துவிட்டு ஒரே பக்கத்தில் அடங்கும் ஒரு சிறு நிரலகம் எழுதினேன். அதன் பெயர் 'எழுத்து'. உள்ளே ஐந்தாறு செயற்கூறுகள். அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில்தான் பெயர் வைத்தேன். இங்கே தமிழாக்கித் தருகிறேன். பைத்தான் மொழியில் 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு தொடங்கித் தமிழிலேயே பெயர் வைக்கவும் முடியும் என்பதை ஆர்வமுள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது 'இயல்பாக்கு'. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடு இவ்விரண்டும் சமம் என்று விதித்து, ஒன்றாக்கும் முறையையும் வகுத்திருக்கிறது. அந்த ஆயத்த முறையை அழைப்பதோடு இதன் வேலை முடிந்தது. ஆனால் கொம்பும் ளகரமும் சேர்ந்தது யூனிகோடின் கண்ணில் ஔகாரம் அன்று, ஆகவும் கூடாது. ஏனெனில் அந்த ளகரம் மெய்யான ளகரமாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டாவது, 'ஔகாரத்தைச் சீர்செய்'. ளகரத்தை அடுத்துப் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம், தொடாதே. வெள்ளையம்மாள் பிழைத்தாள், கெளுத்தி மீனும் பிழைத்தது. அடுத்து ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் ஔகாரம். பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் முகம் 'வெளறிப்போனது' என்று வட்டார வழக்கில் எழுதும் கதாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களை இந்த விதி வௌவாலாக்கிவிடும்.

இந்த 'பெரும்பாலும்' என்னை உறங்கவிடவில்லை. அதனால்தான் மூன்றாவது செயற்கூறு வந்தது: 'ஒப்பிடும் வடிவம்'. உறுப்பினரின் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். ஒருவர் பெயரைக் கேட்காமல் திருத்த எனக்கு உரிமையில்லை. தேடும்போது மட்டும், இரண்டு பெயர்களையும் சீர்செய்த நிழல் வடிவத்தை உண்டாக்கி, நிழல்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். விதி எங்கேனும் தவறினால் வேண்டாத பெயர் ஒன்று கூடுதலாகத் திரையில் தெரியும், அவ்வளவுதான். எழுத்தர் தள்ளிவிடுவார். இருப்பவர் இல்லாமற் போகமாட்டார். கடைசியில் 'ஒரே பெயரா?' என்று கேட்கும் ஒற்றை வரி. ஏழிடங்களிலும் பதினான்கு, பதினைந்து வரிகள் நின்ற இடத்தில் இப்போது அந்தக் கேள்வி மட்டும் நிற்கிறது.

அம்மையாரிடம் என்ன கோளாறு என்று விளக்க முயன்றேன். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, இது ஒரு குறி, இது இரண்டு என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இழை மாறிப் பிணைச்சாலும் இப்படித்தான் தம்பி. பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும். நெய்யும்போதுதான் தெரியும்" என்றார். அன்று மாலைக்குள் பணம் வாங்கிக்கொண்டு போனார்.

பெயரிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் சொன்னால் அதை இலக்கியக்காரர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். நிரலாளர்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். எடுத்துக்காட்டாக 'நீளம்'. எல்லா நிரல்மொழிகளிலும் இந்தச் செயற்கூறு ஆயத்தமாக இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? வட்டில் அது எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கேட்டால் 15 பைட்டு. குறிகளை எண்ணினால் 5. எழுத்துகளை எண்ணினால் 3. யாப்புக்காரரைக் கேட்டால் இரண்டரை மாத்திரை. நான்கும் சரி. 'நீளம்' என்ற பெயர்தான் தவறு, அது எதைக் கேட்கிறது என்று சொல்லவில்லை. 2014இல் வெளிவந்த ஸ்விஃப்ட் மொழி பிறவியிலேயே 3 என்று விடை சொல்லும். அதைச் செய்தவர்களுக்கு என் நன்றி. என் நிரலகத்தில் 'நீளம்' என்று ஒன்றே கிடையாது. 'எழுத்தெண்ணிக்கை' உண்டு, 'பைட்டளவு' உண்டு. படிவத்தில் பெயருக்கு இருபது கட்டங்கள் கொடுத்துவிட்டு, அதைக் குறிகளாக எண்ணி, பாதிப் பெயரில் வெட்டி, கடைசி மெய்யின் புள்ளியைத் தின்றுவிடும் மென்பொருளை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். முருகன் முருகனவாக நிற்பார்.

'மாத்திரை'யையும் சேர்க்கலாமே என்று ஆசை வந்தது. தமிழாசிரியரான நண்பர் தடுத்தார். குற்றியலுகரத்துக்கு என்ன செய்வாய், ஐகாரம் எங்கே குறுகும் என்று எப்படி அறிவாய், ஒரு சொல்லை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாதே என்றார். உண்மை. அது சிறு துணையன்று, தனி நூல். யாப்பை அலகிட்டுக் காட்ட 'அவலோகிதம்' என்று ஒரு மென்பொருளே இருக்கிறது. அந்த வேலை அங்கேயே இருக்கட்டும். எழுத்துகளாகப் பிரிப்பதற்கும் கட்டற்ற மென்பொருளாக 'ஓப்பன் தமிழ்' என்ற நிரலகம் உண்டு. என்னுடையதைச் சரிபார்க்க அதைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். 'க்ஷ' ஓரெழுத்தா இரண்டா என்பதில் மட்டும் நாங்கள் நண்பர்களுக்குள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம். எந்திரத்தால் தீர்க்க முடியாத வழக்கு அது. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, அதைச் செயற்கூற்றின் தலையில் எழுதி வைக்கலாம்.

அகரவரிசை இன்னொரு கூத்து. யூனிகோடின் குறிவரிசைப்படி அடுக்கினால் நகரத்துக்கு அடுத்து னகரமும், ரகரத்துக்கு அடுத்து றகரமும் வந்துவிடும். ளகரம் ழகரத்தை முந்தும். புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்திப்போகும். அகராதியில் அகலுக்கு முன்னால் இருக்க வேண்டிய அக்கா, அகலுக்குப் பின்னால் போய் நிற்பாள். நெடுங்கணக்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எண்ணைக்கொண்டு அடுக்கும் சிறு செயற்கூறு இதற்கு மருந்து. பல ஆண்டு உழைத்துச் சொல்லடைவு தயாரிக்கிறவர்கள் இதில்லாமல் கையால் வரிசை மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்னபின், துண்டாக்கினால் எல்லாம் தெளிந்துவிடும் என்று வாதிடுவதாக எண்ண வேண்டாம். ஒன்றோடு ஒன்றைக் கூட்டுவதற்கும் ஒரு செயற்கூறு எழுதி அதற்கு நீண்ட பெயர் சூட்டிய ஒருவரோடு வேலை செய்திருக்கிறேன். அவர் நிரலைப் படிப்பது, ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்குறிப்பைத் தேடிப் போகும் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிப்பதுபோல. இன்னொரு வகை, 'இதர' என்ற பெயரில் ஒரு கோப்பு. எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அது இருக்கும். எங்கே வைப்பதென்று தெரியாததெல்லாம் அதில் விழும். தேதியைத் தமிழில் எழுதுவது, மின்னஞ்சல் அனுப்புவது, வரி கணக்கிடுவது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. சமையலறையில் அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. பழைய சாவி, நூல்கண்டு, காலாவதியான மாத்திரை எல்லாம் கிடக்கும் மேசை இழுப்பறையும் அதே வீட்டில்தான் இருக்கிறது. அஞ்சறைப்பெட்டியில் கடுகு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தாளிக்கும்போது தேட நேரமில்லை என்று அறிந்தவர் அடுக்கியது அது.

பிறர் எழுதியதை நம்பி வாழ்வதில் உள்ள ஆபத்துக்கு 2016 மார்ச் 22 நல்ல சாட்சி. லெஃப்ட்-பேட் என்ற துணை நிரல் பதினொரு வரிதான். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வேண்டிய அளவு வெற்றிடம் சேர்ப்பது அதன் வேலை. வேறொரு பொதியின் பெயர் யாருக்கு உரியது என்ற தகராறில் மனம் கசந்த ஆசிரியர், என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து தம் படைப்புகள் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவற்றை விலக்கிக்கொண்டார். அவற்றுள் இந்தப் பதினொரு வரியும் ஒன்று. உலகமெங்கும் பெரிய பெரிய மென்பொருள்களின் கட்டுமானம் நின்றுபோனது. சில மணி நேரத்தில் களஞ்சியக்காரர்களே அதை மீட்டு வைத்தார்கள். பிறகு அந்த வசதி 2017இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே சேர்ந்துவிட்டது. பதினொரு வரியைக்கூடச் சொந்தமாக எழுதத் தெரியாதவர்கள் என்று அப்போது பலர் எள்ளி நகையாடினார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. எழுதத் தெரியாமல் அல்ல, ஏழுபேர் ஏழுவிதமாக எழுதக்கூடாது என்றுதான் அதை அழைத்தார்கள். கேட்க வேண்டியது, அழைத்தவர்கள் தங்களுக்கென்று ஒரு படியைப் பேழையில் ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்பது.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் இந்தப் பதினொரு வரியை நொடியில் எழுதித் தந்துவிடுகின்றன. அடுத்த திரைக்குக் கேட்டால் அதற்கும் எழுதித் தருகின்றன, சற்றே வேறுபட்ட பாடமாக. அவை அலுத்துக்கொள்வதில்லை. அலுப்புதான் எங்களைப் பொதுவாக ஒன்றை எழுதிவைக்கத் தூண்டியது என்பதை நினைக்கும்போது கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

வீலர் 1952இல் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பேழையில் வைக்கத்தக்க துண்டை எழுதுவது, தனக்கு மட்டும் எழுதிக்கொள்வதைவிட மிகக் கடினம் என்கிறார். அதையும் எழுதிச் சோதித்த பிறகு, அதன் உள்விவரம் அறியாதவரும் பயன்படுத்தும்படி ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறதே, அதுவே எல்லாவற்றிலும் கடினமாக இருக்கலாம் என்கிறார். நிரலெழுதுவது பிறகு உரைநடை எழுதுவதாகிவிடுகிறது என்பதை முதல் தலைமுறையிலேயே ஒருவர் கண்டுகொண்டிருக்கிறார்.

'எழுத்து' நிரலகத்துக்கு நான் எழுதிய விளக்கம் ஒன்றரைப் பக்கம். அதோடு ஒரு சொற்பட்டியலும் உண்டு. நிரலில் யார் எந்த வரியைத் தொட்டாலும், இந்தச் சொற்கள் அனைத்தும் சரியாக வருகின்றனவா என்று எந்திரம் ஒருமுறை சோதித்துச் சொல்லும். விகடகவி, கௌரி, வெள்ளையம்மாள், கெளுத்தி, தமிழ், அக்கா, அகல் என்று போகிறது பட்டியல். சென்ற ஆண்டு வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஸ்ரீ இல்லையே அண்ணா" என்றார். சகரத்தை ஒட்டிய பழைய கிரந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீயும் ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயும் திரையில் ஒரே வடிவமாகத் தெரியும், குறிகள் வேறு. அவர் ஊரில் ஸ்ரீதேவி, ஸ்ரீரங்கம்மாள் என்று பெயருள்ளவர்கள் நிறையவாம். அதற்கான இரண்டு வரியை அவரே எழுதினார். பட்டியலின் கடைசியில் ஸ்ரீரங்கம்மாளைச் சேர்த்துவிட்டு, தன் பாட்டியின் பெயர் அது என்று விளக்கக் குறிப்பிலும் ஒரு வரி எழுதியிருந்தார். நீக்கச் சொல்லவில்லை.